உன் விளக்கத்தின் மேல் என் பெயர்

புதிய உயிரியல் நூல் ஒன்று நேற்றுப் பாடசாலைக்கு வந்தது. பிரித்ததும் மை மணத்தது. நுரையீரல் புற்றுநோய் நம் உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்களை, அந்த உயிரணுக்களை, எப்படி ஏமாற்றுகிறது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஏமாற்றுச் சைகைகளில் ஒன்றைத் தடுக்க இப்போது மருந்தும் இருக்கிறதாம். வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. இதைவிட நன்றாக நீ சொன்னாயே என்ற பழைய எரிச்சல்தான்.

கல்முனையில் நாம் ஒரே வகுப்புத் தோழிகள். உயர்தரப் பரீட்சை எழுதி நீ மருத்துவத்துக்குப் போனாய். சில புள்ளிகளில் அது எனக்குத் தவறிப்போக, உயிரியல் ஆசிரியையானேன். நீ வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்வதை உன் உம்மா சொல்லும்போதெல்லாம் "மாஷா அல்லாஹ்" என்பேன். வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் பிள்ளைகளை ஏசுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நீ இருமலோடு ஊர் திரும்பினாய். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத உனக்கு நுரையீரலில் கட்டி. உன்னைப் பார்க்க வந்தபோது என் மாணவிகள் மூவர் கூட வந்தார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒடம்பு ஏன் அந்தக் கட்டிய அழிக்கல்ல, டொக்டர்?"

உடம்பு பலவீனமாகிவிடுவதால் என்று வகுப்பில் நான் சொல்லியிருந்தேன்.

"ஒடம்பு பலமாத்தான் இரிக்கி" என்றாய் நீ. "காயம் ஆறினாப் பொறகு, 'போதும், சண்டைய நிப்பாட்டுங்க' எண்டு கலங்கள் சைகை குடுக்கும். ஒரு புரதத்த வெளிய விட்டுத்தான் அத சொல்லும். அதே சைகைய இந்தக் கட்டியும் குடுக்குது. கொல்ல வந்த கலம் அத நம்பி அடங்கிப் போகுது."

மூவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

தமிழில் இதற்கு ஒன்றும் இல்லையே என்றாய். நீ சொல்லச் சொல்ல, ஒரு கிழமை, ஏழு நாளும் வந்திருந்து எழுதினேன். ஆறு பக்கம். றோனியோ இயந்திரத்தில் பிரதிகள் அடிக்கக் கொடுத்தபோது முகப்பில் என் பெயரை மட்டும் போட்டேன்.

அந்த மாணவியே ஒரு பிரதியை உன்னிடம் கொண்டுபோனாளாம். கேள்விப்பட்டு ஓடி வந்தேன். நீ வாசித்துக்கொண்டிருந்தாய்.

"ரெண்டாம் பக்கத்தில ஒரு பிழை இரிக்கி. திருத்து."

"வேற ஒண்டும் கேக்க மாட்டாயா?"

இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்து கேட்டாய். "ஒனக்கு என்னில பொறாமையா?"

"ஓம். படிக்கிற காலத்திலருந்தே."

"எனக்கும் இப்ப ஒன்னில பொறாமைதான். வகுப்பில நாப்பது நிமிசம் மூச்சு வாங்காம நிண்டு கதைக்கிறாய்."

நான்தான் அழுதேன். நீ அழவில்லை. அதிலும் எனக்கு உன்மேல் பொறாமை வந்ததை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

நோன்பு வருமுன் நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போனாய். பிழையைத் திருத்தி, உன் பெயரை மேலே போட்டு, கேட்டு எழுதியவள் என்று என் பெயரைக் கீழே போட்டு மறுபடி அடித்தேன். ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகள் இது யார் என்று கேட்கிறார்கள். "என்னோட படிச்ச ஆள். என்னவிடக் கெட்டிக்காரி" என்கிறேன். சொல்லும்போது இன்றைக்கும் கொஞ்சம் சுடுகிறது. சொல்லாமல் விடுவதில்லை.