பாடகர் மாடத்துக் கிட்டார்

ஏற்காடு
7.4.2024

அன்புள்ள சாந்தா,

உன் கடிதமும் பட்டியலும் வந்தன. ஈஸ்டர் முடிந்த கையோடு இந்த ஆண்டும் மறக்காமல் கேட்டுவிட்டாய், எனக்குப் பிடித்த கிட்டார் கலைஞர்கள் யார், ஏன் என்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு நிமிடத்தில் போய்விடுமே என்று மகள் அபிஷா சிரிக்கிறாள். காரணங்களைக் கட்டைவிரலால் எழுத முடியாது என்று அவளிடம் சொன்னேன்.

நீ பாகோ தே லூசியாவை முதலில் வைத்திருக்கிறாய். எனக்கு உடன்பாடில்லை. அவர் வேகத்தை எண்ணிவிடலாம். எண்ணக்கூடிய ஒன்றுக்காக ஒருவரைப் பெரிய கலைஞர் என்று ஒப்புக்கொள்ள, இருபது வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு மனம் வரவில்லை. மூன்றாவது இடம் பி.பி. கிங்குக்கு. ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொட்டு அதை நடுங்க விட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தலுக்குத் துணிச்சல் வேண்டும். இரண்டாவது ஜாங்கோ ரைன்ஹார்ட். தீயில் வெந்து இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கிப் போன பிறகு, மீதி இரண்டு விரல்களுக்கென்று வேறொரு வழி கண்டுபிடித்தவர். கேட்கும்போது குறை தெரிவதில்லை, வழிதான் தெரிகிறது.

முதல் இடம் வழக்கம்போல உன் அண்ணனுக்கு. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

பள்ளி வேலைக்கு நான் இங்கே வந்த புதிதில், நம் கோவிலில் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருவேன். எல்லோரும் வரிசையில் போய்ப் பாதரிடம் நன்மை அப்பம் வாங்கும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால், மேலே பாடகர் மாடத்திலிருந்து அந்தக் கிட்டார் வரும். பூசை நடுவே மாடத்தைத் திரும்பிப் பார்க்கிற பெண்ணைப் பற்றி இந்த ஊர் என்ன பேசும் என்று உனக்கே தெரியும். இரண்டு வருடம் பார்க்காமலே கேட்டேன். பூசை முடிந்ததும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தவரையே கல்யாணம் கட்டிக்கொண்டேன். முடிக்கிற இடத்தில், கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் அவர் நிற்பார். இருட்டில் படி இறங்குகிறவர் இன்னொரு படி இருக்கிறதா என்று காலால் துழாவுவதுபோல ஒரு நிறுத்தம். பிறகு தொடுவார். அந்த நிறுத்தத்தை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

இப்போது ஒரு உதவி. மே 19 பங்குத் திருவிழாவில் பழைய பாடகர் குழுவை மறுபடி மாடத்தில் ஏற்றப் போகிறார்கள். உன் அண்ணன் வாசிப்பார் என்று பாதரிடம் நானே பெயர் கொடுத்துவிட்டேன். சேலத்தில் ஒரு கிட்டாரும் வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "வெரலு மடங்கறதில்லீங்க டீச்சர்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு எஸ்டேட்டுக்குப் போனவர், சாப்பாட்டுக்கும் வரவில்லை.

கல்யாணத்தோடு கிட்டாரை விட்டவர் அவர். "டீச்சர் வந்தா, பாட்டு போச்சு" என்று உன் அம்மா கடைசி வரை சொன்னார். புதிதில் ஒரு நாள் விடைத்தாள் திருத்தும்போது, வானொலிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அதைத்தான் அவர் மனதில் வைத்துக்கொண்டாரோ என்று இன்றும் நினைக்கிறேன். அவர் ஒரு முறை வாசித்துவிட்டால் இந்தப் பழியிலிருந்து இறங்கிவிடுவேன். தங்கை சொன்னால் கேட்பார். பேசு.

பழைய டிரங்குப் பெட்டியில் '1999 ஈஸ்டர்' என்று எழுதிய கேசட் ஒன்று கிடைத்தது. சேலத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் நவீன், என் பழைய மாணவன், அதைச் சுத்தம் செய்து போனில் கேட்கிற மாதிரி மாற்றித் தருகிறான்.

அன்புடன்,
ஜெயகுமாரி


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
13.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அனைவரும் நலம். மாமியாருக்கு முழங்கால் வலி, உங்கள் மலையிலிருந்து மிளகு வந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். மிளகுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியாது, அனுப்பி வையுங்கள்.

அந்த நிறுத்தத்தைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன்.

அண்ணி, அண்ணனை வற்புறுத்த வேண்டாம். பாதரிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிடுங்கள். இத்தனை வருடம் விட்ட கை, கோவிலில் எல்லோர் முன்னாலும் தடுமாறினால் அவருக்கு அவமானம். அம்மா சொன்னதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அம்மாவுக்கு யாரையாவது சொல்ல வேண்டும். கேசட்டும் எதற்கு? பூஞ்சை பிடித்திருக்கும். நினைவில் இருப்பது நல்லபடியாகவே இருக்கட்டும்.

அபிஷாவுக்கு முத்தம்.

உங்கள் அன்பு நாத்தனார்,
சாந்தாமேரி


ஏற்காடு
18.4.2024

சாந்தா,

கேசட்டில் பூஞ்சை இல்லை.

நவீன் செவ்வாய்க்கிழமை அனுப்பினான். உன் அண்ணன் வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டேன். நன்மை வாங்கும் நேரத்து வாசிப்பு. அதே கிட்டார்தான், எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. முடியப் போகிற இடத்தில், மைக்குக்கு மிக அருகில் ஒரு ஆண் குரல் கேட்கிறது. "சாந்தா, முடிச்சிராத. இன்னும் ஒரு ஆள் நிக்குது." கிட்டார் நிற்கிறது. பிறகு கடைசி ஸ்வரம்.

அது என் கணவரின் குரல். அந்தக் குரலோடு இருபத்து நான்கு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன்.

நான் எதையும் உடனே நம்புகிறவள் இல்லை. அன்று ஒரு நாள் மட்டும் அவருக்குக் கை சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்று எண்ணி, இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டேன். வெவ்வேறு நாட்களில் பதிந்தவை. கிட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு இடங்களில் அவர் பேசுகிறார். ஓரிடத்தில் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடித் தாள்களைப் புரட்டுகிறார். இரண்டு கையும் கிட்டாரில் இருக்கிற ஒருவர் புத்தகம் புரட்ட முடியாது.

சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். எதற்குப் பற்ற வைத்தேன் என்று தெரியாமல் அணைத்தேன்.  மாணவிகளிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், சான்று இல்லாமல் எதையும் ஏற்காதீர்கள் என்று. என் வாழ்க்கையில் நானே எடுத்த ஒரே பெரிய முடிவுக்கு, மாடிப்படியில் ஒருவர் கிட்டாரைச் சுமந்து வந்தார் என்பதைத் தவிர எந்தச் சான்றும் நான் கேட்கவில்லை.

அவரிடம் இன்னும் பேசவில்லை. உன்னிடம் முதலில் கேட்கிறேன். வாசித்தது யார்?

ஜெயகுமாரி


திண்டுக்கல்
23.4.2024

அண்ணி,

நான்தான்.

தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒரு துரை குடும்பம் அந்தக் கிட்டாரைக் கோவிலுக்குக் கொடுத்தது. அண்ணனைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஒரு மாதம் முயன்று கம்பியில் மூன்று கார்டு பிடிக்கப் பழகினார், அதற்கு மேல் வரவில்லை. எஸ்டேட் காப்பிக்கொட்டைக் கிடங்கில் மூட்டை மேல் உட்கார்ந்து அவர் பழகுவதைப் பார்த்தே எனக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்பா ஒரு நாள் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ள இதைக் கட்டிக்கிட்டு கோயில்ல உக்காந்தா, நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்று கத்தினார். அண்ணன்தான் வழி சொன்னார். "கீழ இருக்கறவங்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. நான் தூக்கிட்டு ஏறறேன், நீ வாசி, நான் தூக்கிட்டு எறங்கறேன்."

மாடத்தில் நாங்கள் ஐந்து பேர். பாடிய மூன்று பெண்களும் வாயைத் திறக்கவில்லை. கீழே தெரியக் கூடாது என்று நான் தூணுக்குப் பின்னால் தரையில் உட்காருவேன். அங்கிருந்து எனக்குக் கீழே நிற்கும் வரிசை தெரியாது. கம்பிக் கைப்பிடி ஓரம் நின்று, நன்மை வாங்க இன்னும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அண்ணன் வேலை. நீங்கள் கேட்ட நிறுத்தம் அதுதான். அவர் சொல்லும்வரை காத்திருப்பேன்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்த பிறகு கிட்டார் அங்கே இருக்க முடியவில்லை. வாசிக்கச் சொல்வீர்கள். அண்ணன் குப்பனூரில் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. அவர் விட்டதற்கு நீங்கள் காரணமில்லை அண்ணி. அவரிடம் விட ஒன்றும் இருக்கவில்லை.

அண்ணனுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன். அவர் மானம், உங்கள் குடும்பம். என்னை மன்னித்துவிடுங்கள்.

சாந்தாமேரி


ஏற்காடு
30.4.2024

சாந்தா,

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் முன்னால் போனை வைத்து, அந்த இடத்தைப் போட்டேன். தன் குரல் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்."

"அப்ப பன்னெண்டு நாளா இதை வெச்சுக்கிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டியா?"

"நீங்க இருபத்தி நாலு வருசமா வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டீங்க."

அவர் தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வாசிச்சேன்னு எப்ப டீச்சர் சொன்னேன்? மொத நாள் படியில வந்து நின்னு, 'ரொம்ப நல்லா இருந்துச்சுங்க'ன்னே. 'தேங்க்ஸுங்க'ன்னேன். அவ்வளவுதான்."

"ரெண்டாவது நாள் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லோணும்னுதான் எறங்குனேன். நீ அன்னைக்கும் நின்னுட்டிருந்தே. சொன்னா மூணாவது நாள் நிக்க மாட்டியேன்னு இருந்துச்சு."

நினைத்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. ஒரு முறைகூட அவர் தன் வாயால் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே சொன்னேன், அவர் பேசாமல் இருந்தார். பொய் என்று எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் ஒரு அதிர்ச்சிதான்.

"இன்னும் ஒரு ஆள் நிக்குதுன்னு சொல்றீங்களே, யாரு அது?" என்றேன்.

"வேற ஆரு? கடைசி பெஞ்சு டீச்சர்தான். ஊரே வாங்கிட்டு வந்தப்புறம் எந்திரிப்பே. நீ திரும்பி வந்து முழங்கால் போடற வரைக்கும் அவளை முடிக்க உடமாட்டேன். அவ வையுவா, கை நோவுதுன்னு."

இதற்கு என்ன செய்வது சாந்தா? உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை என்று நான் எழுதி எழுதி வியந்த அந்த இடத்தில், ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதைக் கேட்டு மனம் இளகியது என்று எழுத ஆசை. இளகவில்லை. பேசுகிறேன், பாலைப் பற்றி, கரண்ட் பில்லைப் பற்றி. அவரும் அதற்கு மட்டும் பதில் சொல்கிறார்.

பாதரிடம் போய் அவர் வாசிக்க மாட்டார் என்றேன். ஏன் என்று கேட்டார். விரல் மடங்குவதில்லை என்று என் வாயால் சொன்னேன். திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது, மாடத்தில் ஐந்து பேர் வைத்திருந்த இரகசியத்தில் ஆறாவதாக நானும் சேர்ந்துவிட்டேன்.

இனி உன் விஷயம். அண்ணனுக்காகச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்காக என்றால் நீ பேசாமல் இருந்திருந்தால் போதும். நீ பேசாமல் இல்லை. கல்யாணமாகித் திண்டுக்கல் போனதிலிருந்து வருடம் தவறாமல் நீயே எழுதிக் கேட்டாய், பிடித்த கிட்டார் கலைஞர் யார் என்று. ஒவ்வொரு முறையும் நான் ஒரே பதிலைச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அண்ணன் மானத்தைக் காப்பவள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாயா? அப்படியென்றால் அதையும் எழுது, தாங்கிக்கொள்வேன். இந்த ஒன்றுக்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். அது வராமல் உனக்கு இன்னொரு கடிதம் எழுத என்னால் முடியாது.

ஜெயகுமாரி


திண்டுக்கல்
6.5.2024

அண்ணி,

சிரிக்கவில்லை.

முதல் வருடம் தற்செயலாகத்தான் கேட்டேன். இங்கே வந்து ஆறு மாதம், யாரிடமும் பேச ஒன்றும் இல்லாத நேரம். உங்கள் பதில் வந்தது. அண்ணன் பெயரைப் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். கம்பி மேல் விரல் நகரும்போது வரும் கீச்சுச் சத்தம்கூட உங்களுக்கு நினைவிருந்தது. அது என் விரல். கோழிக் கூண்டுக்குப் பின்னால் நின்று படித்தேன். அடுத்த வருடம் வேண்டுமென்றே கேட்டேன்.

நான் வாசித்ததை நன்றாக இருந்தது என்று இந்த உலகத்தில் சொன்னது நீங்கள் ஒருவர்தான். அப்பா சொல்லவில்லை. கூடப் பாடிய பெண்களுக்குப் பயம். என் வீட்டுக்காரருக்கு நான் வாசிப்பேன் என்பதே தெரியாது. நீங்கள் வேறு பெயரில்தான் எழுதினீர்கள், ஆனாலும் வந்தது எனக்குத்தான். உண்மையைச் சொன்னால் அண்ணனுக்குக் கெட்ட பெயர் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தது அதற்கில்லை. கோபத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டால், அப்புறம் எனக்கு யார் சொல்வார்கள்?

அதற்காக அம்மா உங்களைச் சொன்ன சொல்லையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். உங்கள் மேல் பழி இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடிதம் நின்றுவிடும். கடிதத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன். அடுத்த ஈஸ்டருக்கு நான் கேட்க மாட்டேன்.

சாந்தாமேரி