தேதிக்கு வராத முதல் தாள்

நன்னிலம்,
26-10-1972

அன்பு நண்பன் தியாகராசனுக்கு,

கோவிந்தராசு எழுதுகிறேன். மகன் வீட்டில் பம்பாய்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? எனக்குச் சளியைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உன் ஆற்றோரத்து மூன்று மா நிலத்தில் சம்பா பச்சை பிடித்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்.

சாகுபடி செய்கிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தும், விசாரணை என்றைக்கென்று தெரியாமல் ஜனங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றார்களே, அதைப் பார்த்துத்தான் நாம் ‘மடை’ என்று இந்தச் சிறு தாளைத் தொடங்கினோம். சைக்ளோஸ்டைல் மெஷின் உன்னுடையது, எழுத்து என்னுடையது. மாதத்தில் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் காலை ஏழு மணி பஸ்ஸில் கட்டு போயாக வேண்டும் என்று விதி வைத்தவனும் நீதான். மூன்று வருடத்தில் ஒரு தடவை தவறவில்லை. காய்ச்சலோடும் ஸ்டென்சில் வெட்டியிருக்கிறேன். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

இந்த அக்டோபர் முதல் தேதி, கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் பலகையைப் பார்த்தபடி போனேன். பதினெட்டாம் தேதி என்று நான் அச்சிட்டிருந்த விசாரணை, பூஜை விடுமுறைக்காகப் பதின்மூன்றுக்கு மாறியிருந்தது. இருநூறு தாளையும் பேனாவால் திருத்தினால் பஸ் போய்விடும். சம்பந்தப்பட்டவர்கள் ஏழு பேர்தானே, நேரில் சொல்லிவிடலாம் என்று கட்டை ஏற்றிவிட்டேன். ஆறு பேருக்குச் சொல்லியும் விட்டேன். ஏழாவது ஆள் ஆற்றுக்கு அக்கரை. அன்று மழை. நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் பதினைந்தாம் தேதித் தாள் வேலை வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டது. மறந்தே போனேன்.

அந்த ஏழாவது ஆள் செவ்வந்தி. புருஷன் போன பிறகும் பதினோரு வருடமாக உன் மூன்று மா நிலத்தைப் பயிர் செய்கிறவள்.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். “எனக்குப் படிக்கத் தெரியாது சார். எம் பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு. சார் தாளு தப்பாப் போடாதுன்னு தொவச்ச சீல கட்டிக்கிட்டுப் போனேன். அங்க உள்ள குமாஸ்தா, ‘முடிஞ்சு அஞ்சு நாளாச்சு, இப்ப என்ன வெத்தல பாக்கு வாங்கவா வந்தே?’ன்னு கேக்குறாரு” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. காப்பி கொடுத்தோம். குடிக்காமல் போய்விட்டாள்.

பதின்மூன்றாம் தேதி அவள் பெயரைக் கூப்பிட்டபோது உன் காரியஸ்தர் துரைக்கண்ணுதான் எழுந்து நின்றிருக்கிறார். நிலம் உன் சொந்தச் சாகுபடி, குத்தகைக்கு ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார். அறுவடையோடு அவளை நிலத்தை விட்டு இறக்கிவிடுவதாக ஊரில் பேச்சு. நீ சொல்லித்தான் சொன்னாரா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை.

நாம் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருந்தபோது, நான் வகுப்பில் மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை மூடுகிறவன், உனக்கு நினைவிருக்கும். ஓடம் பிடித்து வரும் பிள்ளைகள் ஈரக்காலோடு வாசலில் நிற்பார்கள். என் பதிவேட்டில் அவர்கள் வராதவர்கள். நீயோ பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்தபடி நிற்பாய். தலைமையாசிரியர் சத்தம் போட்டாலும் சிரிப்பாய். இந்த ஒரு வாரமாக எனக்கு அதுதான் நினைவில் ஓடுகிறது.

மேல்மனுவுக்கு நவம்பர் பதின்மூன்று வரை நாள் இருக்கிறது. என் தவற்றை நான் தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது போதாதாம். நிலத்துக்காரர் கையெழுத்தோடு, பயிர் செய்வது யார் என்று ஒரு வரி வேண்டுமாம்.

நவம்பர் முதல் தேதித் தாளில் பாதிப் பக்கத்துக்கு என் மன்னிப்பை வெட்டியாயிற்று. மீதிப் பாதி வெறுமையாக இருக்கிறது. ஏழு மணி பஸ் ‘மடை’ இல்லாமலே போகட்டும். உன் தபால் வரும் வரை மெஷினைச் சுற்ற மாட்டேன்.

பதிவேட்டைத் திறந்து வைத்திரு, தியாகராசா. அவள் வந்துகொண்டிருக்கிறாள்.

உன்,
கோவிந்தராசு