போர்டில் ஒரே ஒரு பெயர்

ஜூலை 12, வியாழன்.

ரமணியும் நானும் இந்த ஜூனில்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தோம். எனக்கு அவள், அவளுக்கு நான். வேறு யாரும் எங்களோடு சேருவதில்லை.

இன்று டீச்சர் வெளியே போனதும், லீடர் மல்லிகா பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதினாள். ஒரே ஒரு பெயர். 'ரமணி - அடங்கவில்லை.' ரமணி வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள். அவள் தமிழைக் கேலி செய்கிறார்கள் என்று வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். மல்லிகாவுக்கும் அது தெரியும். டீச்சர் திரும்பி வந்ததும் ரமணியை வெயிலில் முட்டி போட வைத்தார். நான் பயந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

சாயந்திரம் சிம்மக்கல் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எடுத்து வைத்திருந்த சாக்பீஸைக் காட்டினேன்.

"நாளைக்கு முதல் ஆளாப் போயி 'மல்லிகா பொய்க்காரி'ன்னு போர்டு பூரா எழுதப் போறேன்."

"வேணாம்டி. நான்தான் எழுதுனேன்னு சொல்லுவா. இன்னும் எம்புட்டு நேரம் முட்டி போட?"

அவள் முழங்கால் தோல் உரிந்திருந்தது.

எழுதத்தான் போகிறேன். மல்லிகா முகம் சுண்டிப் போவதை நான் பார்க்க வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டுவிட்டால் என் கதி என்ன ஆகுமோ. ஆனாலும் ரமணி மேல் பழி விழாமல், கடைசியில் என் பெயரையும் எழுதுவேன்.

சுகந்தி - அடங்கவில்லை.