விசில் போய்க் குரல் வந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா?

போனில் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பயப்படாதீர்கள், நல்லபடியாக முடிந்துவிட்டது. ஈறு நோயால் என் முன்பல் ஒன்று விழுந்து, பக்கத்துப் பற்களும் ஆடின. பேருந்து நிலைய மைக்கில் நான் வண்டி அறிவிப்பு சொன்னால் வார்த்தையைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது. டிரைவர்கள் எனக்கு 'விசில்' என்று பேர் வைத்தார்கள். மேலாளர் என்னைத் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்.

பல் டாக்டரம்மா முதலில் ஈறுகளைச் சுத்தம் செய்து குணமாக்கினார். ஆடிய பற்களைப் பின்பக்கம் மெல்லிய கம்பியால் ஒன்றாகச் சேர்த்தார். பிறகு தாடை எலும்பில் திருகு பதித்து, அது நன்றாகப் பிடித்ததும் மேலே புதுப்பல் பொருத்தினார்.

இன்று மறுபடியும் மைக் என் கையில்! ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"யாரு, புது ஆளா?" என்றார் ஒரு டிரைவர்.

"நம்ம விசில்தாங்க! கணீர்னு பேசுது பாருங்க" என்றார் மேலாளர். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பல் தேய்க்கும்போது உங்களுக்கும் ரத்தம் வருகிறதாமே? எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், "சாப்பிட வாம்மா" என்று நீங்கள் கூப்பிடுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள். இங்கே நாள் முழுக்க நான்தான் எல்லாரையும் கூப்பிடுகிறேன்.

அடுத்த வண்டி உள்ளே வருகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்