பெரட்டில் கூப்பிடாத பெயர்

ஜூன் 7, ஞாயிறு

மாலையில் பழைய பெரட்டுத் திடலில் கூட்டம்; தோட்ட வேலைக்கு விடியலில் பெயர் கூப்பிட்ட இடம். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் லுக்குட் டவுன் பக்கம் குடிபோய்விட்டாலும் கூடுவது இங்கேதான்.

இடைத்தேர்தலுக்காக இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் வந்து அரிசி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். டிவியில் தினமும் காட்டும் அந்த வெளிநாட்டுப் போரை எதிர்த்துச் சட்டமன்றத்தில் ஒரு வார்த்தை பேசுவீர்களா என்று கேட்டதற்கு ஒருவர் சிரித்தார். மற்றவர், அது நம்ம ஊர்ச் சண்டையா என்றார். நல்ல ஜோடி! தோட்டத்தில் செம்பனைப் பழக்கொட்டை பொறுக்கும் பஞ்சாலை அக்கா விடவில்லை. "வீட்ட இடிச்சு வெரட்டுனா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?"

அதனால் தேர்தலில் எங்கள் ஆளையே நிறுத்துகிறோம். லோரி ஓட்டும் அர்ச்சுனன். அவன் அப்பா ஆட்களை மேய்க்கும் மண்டோராக, கங்காணியாக இருந்தவர்; அவரைப் போலவே நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டான். சம்மதம் என்றால் "இருக்கேன்" என்று சொல்லி இந்தப் பக்கம் வர வேண்டும். ஒருவர் பெயருக்கு இன்னொருவர் குரல் கொடுக்கக் கூடாது. அது பெரட்டுச் சட்டம்.

முப்பத்தேழு பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரர் சசிதரன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார்.

ஜூன் 10, புதன்

நோட்டீசுக்குப் படம் வேண்டுமாம். அர்ச்சுனன் தேடுகிறான்.

ஜூன் 12, வெள்ளி



அர்ச்சுனன் போனில் படம் அனுப்பினான். குண்டு விழுந்த வீடு. ஒரு மனிதன் குண்டின் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக் காட்டுகிறான். இரும்பு வளையம், ஐந்து துளை, ஓரத்தில் சாய்வான வெட்டு.

அது எங்கள் வளையம். நீலாய் ஃபேக்டரியில் ஒன்பது வருடமாக நான் சோதிக்கும் வளையம். மருத்துவக் கருவிக்குப் போகிறது என்றுதானே சொன்னார்கள்?

படத்தைப் பெரிதாக்கினேன். சோதித்து முடித்ததும் ஒவ்வொருவரும் குத்தும் அவரவர் எண் முத்திரை. 17.

பதினேழு நான்தான்.

ஜூன் 13, சனி

சசியிடம் சொன்னேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். "நம்ம ஆளுங்க இருபது பேரு அந்த ஃபேக்டரியிலதான் இருக்காங்க. நானும்தான். நீ வாயத் தொறந்தா எல்லாருக்கும் வேலை போச்சு லா."

தப்பாகச் சொல்லவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன். திடலில், எல்லோர் முன்னாலும்.

பஞ்சாலை அக்கா மட்டும் கேட்டார். "தெரிஞ்சு செஞ்சியா?"

"இல்லக்கா."

"இனிமே?"



அர்ச்சுனன் மறுபடி பெயர் கூப்பிட்டான். முப்பத்தேழில் ஒன்பது பேர்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். சசிதரன் என்று இரண்டு தடவை கூப்பிட்டான். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக நானே சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. கூடாது. சசி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அர்ச்சுனன் நோட்டை மூடினான். அப்போதுதான் பஞ்சாலை அக்கா, "உன் பேரு எங்கப்பா?" என்றார்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஃபேக்டரிப் பெட்டிகளை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப் போவது அவன் லோரியாம். இரண்டு வருடமாக! "லோரி மாமனாரோடது. நான் நிக்க முடியாது." நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அட கடவுளே. நாங்கள் யாரை எதிர்த்துக் கிளம்பினோம்?

ஜூன் 15, திங்கள்

முத்திரையைச் சூப்பர்வைசர் மேசையில் வைத்து, இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 21, ஞாயிறு

ஒன்பது பேரும் என்னை நிற்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. சரி என்றேன். பஞ்சாலை அக்கா முன்மொழிவார். வழிமொழிய இன்னொருவர் பெயர் வேண்டும். பெயர் வெளியே வரும் என்பதால் எல்லோரும் தயங்குகிறார்கள். சசியிடம் நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. வேட்புமனுப் பாரத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூன் 26, வெள்ளி

காலையில் பார்த்தால் பாரத்தில் வழிமொழிபவர் இடத்தில் கையெழுத்து இருக்கிறது. சசியின் கையெழுத்து. மனிதர் வேலைக்குப் போய்விட்டார். நாளை மூவரும் நேரில் போக வேண்டும். வருவாரா?

ஜூன் 27, சனி

வேட்புமனு மண்டபம். பத்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்களாம். என்னைக் கூப்பிட்டார்கள். பஞ்சாலை அக்காவைக் கூப்பிட்டார்கள். பிறகு மலாய் அதிகாரி, "சசிதரன்?" என்றார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் ஃபேக்டரிச் சட்டையோடு ஓடிவந்து மூச்சிரைக்க நின்றார். அந்த அதிகாரிக்குத் தமிழ் புரியுமோ புரியாதோ.

"இருக்கேன்," என்றார் சசி.