அலமாரிக்குப் பின்னால் நூடுல்ஸ் உறைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இரண்டு மாதமாக இந்த வீட்டில் என் கண்ணில் படாமல் ஏதோ நடக்கிறது. ஆபீசுக்குக் கிளம்பும்முன் சோறு, பருப்பு, ஒரு காய் செய்து மூடி வைக்கிறேன். சாயங்காலம் வந்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆனால் கழிவுநீர்க் குழாயில் பருக்கை அடைத்திருக்கும். போன ஞாயிறு பெருக்குவதற்காக அலமாரியை நகர்த்தினேன். பின்னால் நூடுல்ஸ் உறை பதினேழு, சூப் பவுடர் உறை ஒன்பது. ஒவ்வொன்றும் நாலாக மடித்துச் செருகியிருந்தது.

முதலில் என் வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகப்பட்டேன். அவர் சட்டைப் பையை நான் தடவியதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்தது மாடிவீட்டுத் தையல்காரம்மா. வளைத்து வளைத்துக் கேட்டதும், "பெரியவர்தான் வாங்கியாரச் சொன்னாரு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே சொல். அப்பா ஆஸ்பத்திரி கேன்டீனில் முப்பத்தொரு வருஷம் சமைத்தவர். பாக்கெட் மசாலாவை அடுப்படிக்குள் விடாதவர். என் சமையலை ஒதுக்கிவிட்டு அதைத் தின்கிறார் என்றால், வேண்டுமென்றே என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். தட்டைப் பார்த்ததும் ஒரு குறையாவது சொல்கிறவர், கொஞ்ச நாளாக "நல்லாயிருக்கும்மா" என்கிறார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கையும் களவுமாகப் பிடிப்பதற்காக செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்தேன். வாசல் கேட்டைத் திறக்கும்போதே கரிந்த வாசனை. தையல்காரம்மாவும் பதறி இறங்கி வந்தாள். சுடவைத்த பருப்பு அடுப்பில் கரிக்கட்டையாகக் கிடந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, இரண்டடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பா நூடுல்ஸில் இரண்டாவது மசாலாப் பொட்டலத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா, சீக்கிரமே வந்துட்ட?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கருகிய பாத்திரத்தைப் பார்த்தபடி, "மழைக்காலத்துலேருந்து எதுவும் மணக்கல. நீ செய்யறது வாயில மண்ணு மாதிரி இருக்கு. உன்மேல தப்பு இல்ல. இந்தப் பொடி மட்டும்தான் நாக்குல சுருக்குனு படுது. சமையக்காரனுக்கு மூக்கு போச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசியது அன்றுதான் முதல் முறை.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தப் பொடியிலுள்ள உப்பைத் தின்று தின்று ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. மூக்குக்குச் சளி காரணமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், தலையை ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். மறதி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், போன மாதம் கடைத்தெருவில் வழி தெரியாமல் நின்றவரைத் தையல்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தது ஞாபகம் வந்தது. வெயில்தான் காரணம் என்று அப்பா சொன்னார். நானும் நம்பினேன்.

ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். மூத்தவள் சொன்னால் கேட்பார். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. போனில் சொல்வதைவிட, லீவு கிடைத்தால் நேரிலேயே வந்துவிடேன், அக்கா. நாலு வருஷம் ஆகிறது. இப்போது வந்தால் உன்னைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
தங்கை