முகவரி மாறியவர்கள்

ஜூன் 4

அன்புள்ள தம்பி,

சின்ன வயதில் அடிக்கடி விதி மீறும் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு முதல் தனிப் பள்ளி. கல்வி அலுவலகச் செயலரே இன்று காலை என்னிடம் உறுதிசெய்தார். ஆதாரம், உன் ஆய்வு.

பள்ளிப் பிள்ளைகளை இருபது வருடம் பின்தொடர்ந்து, என்னென்ன விதி மீறினார்கள் என்று வருடாவருடம் கேட்டு, வரைபடத்தில் ஆளுக்கொரு கோடு வரைந்திருக்கிறாய். சிறுவயதிலேயே ஏறிய கோடு பெரும்பாலும் இறங்குவதில்லை என்கிறாய். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு வயதில் தலைமையாசிரியர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிய ஒருவனை எனக்குத் தெரியும். அவன் கோடு எங்கே?

பத்திரிகைக்குச் செய்தி எழுதுமுன் உன் ஆய்வில் உள்ள ஒருவரையாவது நான் பார்க்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 9

அக்கா,

காற்றைப் பிடுங்கியது நான். காவலுக்கு நின்றது நீ. செய்தியில் அதையும் போடு.

பெயர் தர எனக்கு உரிமையில்லை. சிலரிடம் கேட்டிருக்கிறேன், விருப்பமுள்ளவர் அவராகவே அழைப்பார். கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். நாலு பேர் சரிபார்த்தது.

தம்பி

ஜூன் 21

தம்பி,

ஒருவர் அழைத்தார். பஸ் ஓட்டுநர். டிப்போ கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் ஜெயில்ல இருந்தப்போ உங்க தம்பி ஆளுங்க வருஷம் தவறாம வந்தாங்க மேடம். மாப்பிள்ளை மாதிரி கவனிப்பு! வெளிய வந்து, கல்யாணம் பண்ணி, வீடு மாறினேன். அப்புறம் ஒருத்தரையும் காணோம். இந்த வருஷந்தான் எங்க அண்ணன்கிட்ட நம்பர் வாங்கிப் புடிச்சிருக்காங்க. ஒழுங்கா இருக்கிறவனை யாரு தேடி வர்றா?"

நானும் சிரித்தேன். பிறகு அவர் கேட்டார்: "எம்பொண்ணு ஸ்கூல் சுவர் ஏறிக் குதிச்சிட்டா. மூணாவது தடவை. அவளைத் தனியாப் பிரிச்சிடுவாங்களா?"

உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவர் காணாமல் போன வருடங்களில் அவர் கோட்டை எப்படி வரைந்தாய்?

அக்கா

ஜூலை 2

அக்கா,

தனிப் பள்ளி உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. செயலர் கையெழுத்திட்ட நகல் இத்துடன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பதில் தராதவரின் கோட்டை, அவரைப் போலவே தொடங்கிப் பதில் தந்தவர்களைப் பார்த்து நீட்டினோம். எங்கள் துறையில் வழக்கம்தான். ஆனால் எங்களுக்குச் சுலபமாகக் கிடைத்தவர்கள் சிறையில் இருந்தவர்கள். அவர்கள் முகவரி மாறாது. வேலை கிடைத்து வீடு மாறிப் போனவர்களையும் அதே கோட்டில் ஏற்றிவிட்டோம். நாலு பேரும் கணக்கைத்தான் சரிபார்த்தார்கள். யாரைக் கேட்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதைச் செயலரிடம் நானே சொன்னேன். போனில் பிடிபிடியென்று பிடித்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" "முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன் சார்." பிறகு உத்தரவை நிறுத்திவைத்துக் கையெழுத்திட்டார். மனசு என்னவோ லேசாக இருக்கிறது.

ஆய்வு பொய் என்று எழுதிவிடாதே. இன்னும் தெரியவில்லை என்று எழுது. வீடு மாறியவர்களில் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். மீதிப் பேரையும் கேட்டு வரையும் புதிய கோடுகள் டிசம்பர் முதல் வாரம் வரும். அதுவரை அந்த ஓட்டுநரின் பெண் தன் வகுப்பிலேயே இருப்பாள். சுவர் ஏறுவதை நிறுத்தினாளா என்பது குறித்து இதுவரை தகவல் இல்லை.

காற்றைப் பிடுங்கிய தம்பி